நூற்று முப்பத்தொன்றாம் கல்

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகும் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். குடிபுகுந்த பாம்பு பிற்காலத்தில் அந்தப் புற்றைப் பற்றிப் பொதுச் சொற்பொழிவு ஆற்றும் என்றும், அதற்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தலைமை தாங்குவார் என்றும் அவர்கள் சொல்லவில்லை. விட்டுப்போனதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தலைமையாசிரியர் நான்.

பிரிக்பீல்ட்ஸில் என் அடுக்குமாடிக்கு எதிரே உள்ள உணவகத்தில்தான் பதினோர் ஆண்டுகளாகக் காலைப் பசியாறுகிறேன். அங்கே தேநீர் ஆற்றுபவர் அப்துல் மஜீத். அதிராம்பட்டினத்துக்காரர், வேலை பெர்மிட்டில் வந்தவர். மாதத்தில் அவருக்கு இரண்டு நாள் விடுப்பு. மற்றத் தொழிலாளர்கள் அந்நாள்களில் உறங்குவார்கள். மஜீத் கொமுட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போவார். அங்குள்ள ஒரு பழைய முஸ்லிம் இடுகாடான மையவாடியில் புல்லை விலக்கி, பாசியைச் சுரண்டி, தலைமாட்டில் நட்ட மீசான் கற்களில் உள்ளதை எழுத்து எழுத்தாகப் படியெடுப்பார்.

படியெடுத்தது ஏட்டில் அன்று. வாடிக்கையாளரிடம் ஆர்டர் எழுதும் சிறு புத்தகத்தில். 'மேசை எண்' என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் கபுறின், அதாவது புதைகுழியின், வரிசை எண். தேநீரும் ரொட்டியும் எழுத வேண்டிய கோடுகளில் இறந்தவரின் பெயர், ஊர், ஆண்டு. எழுத்தே இல்லாத கல்லானால் அதன் வடிவம், நிறம். ஒன்பது ஆண்டுகளில் இருநூற்றுப் பதினான்கு கற்கள்.

இத்தனையும் ஒரே ஒரு கபுறைத் தேடி. மஜீத்தின் தந்தை ஜமால் முகமது, மகன் வயிற்றில் இருக்கும்போதே இந்நாட்டுக்கு வந்து கிள்ளானில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தார். தொண்ணூற்றொன்றில் காய்ச்சல் கண்டு இறந்தார். அடக்கம் முடிந்து பதினொரு நாள் கழித்து ஊருக்குத் தந்தி போயிற்று. கடை மூடிவிட்டது, உடன் வேலை செய்தவர்கள் ஒருவரும் இல்லை, மையவாடியின் பதிவேடு வெள்ளத்தில் கரைந்துபோயிற்று. அந்த வேலிக்குள்தான் தந்தை இருக்கிறார் என்பது மட்டும் மஜீத்துக்குத் தெரியும். எங்கே என்பது தெரியாது.

இந்தத் தாள்களைப் பார்த்து நான் மெய்சிலிர்த்தேன். மெய்சிலிர்த்தவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கலைப்புலக் கல்லூரிக்கு முதல்வராக இருக்கும் முனைவர் சிவநேசனிடம் அவற்றை நானே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி அணிந்துகொண்டு, "பொக்கிஷம், ஐயா!" என்றார். ஸ்கேன் செய்துவிட்டுத் தருவதாக வாங்கிவைத்தார். எட்டு மாதங்கள் கழித்துத் தாள்கள் வரவில்லை, அழைப்பிதழ் வந்தது. 'மண்ணுக்கடியில் தமிழ்: பொதுச் சொற்பொழிவும் பண்பாட்டு நிகழ்வும்.' சொற்பொழிவு சிவநேசன். தலைமை நான். மஜீத்தின் பெயரை அழைப்பிதழில் தேடினேன். கடைசிப் பக்கத்தில், பண்பாட்டு நிகழ்வுகளின் கீழே, கோலாட்டத்துக்கும் மருதாணிக்கும் அடுத்து, தேநீரை இழுத்து ஆற்றிக் காட்டும் 'தே தாரிக் செயல்விளக்கம்' என்பதற்கு நேரே இருந்தது.

நான் கொதித்தேன். மஜீத் கொதிக்கவில்லை.

"மேடைலாம் எனக்கு வேணாம் சார். கடைசில ஒரு நிமிசம் மைக்கு குடுத்தாப் போதும். சபைல கிள்ளான் பெரியவங்க இருப்பாங்கள்ல? வாப்பாவ அடக்குன ஆளுங்க யாராச்சும் உசுரோட இருக்காங்களான்னு ஒரு வார்த்த கேக்கணும். அவ்வளவுதான்."

"கேள்வி நேரத்துக்கு நான்தானே பொறுப்பு, மஜீத். முதல் கேள்வி உங்களுடையது" என்றேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நிகழ்ச்சி. மண்டபம் நிறைந்திருந்ததைக் கண்டு முதலில் மகிழ்ந்தேன். முன்வரிசைகளில் முதியவர்கள் நாற்பது பேர், அனைவரும் கல்லூரிச் சின்னம் பொறித்த மஞ்சள் சட்டையில். கிள்ளானில் உள்ள முதியோர் இல்லத்திலிருந்து பேருந்தில் அழைத்து வந்திருந்தார்கள். சட்டைகள் எல்லாம் ஒரே பேரளவு. எலும்பும் தோலுமான ஒரு மூதாட்டிக்கு அது முழங்காலைத் தாண்டித் தொங்கியது. "புகைப்படத்துல ஹால் ஃபுல்லா தெரியணும்ல சார், அதான்" என்று நிகழ்ச்சிச் செயலாளர் புனிதா எனக்கு விளக்கினார். நல்ல பெண். ஒளிக்க வேண்டிய செய்தி என்றே அவருக்குத் தோன்றவில்லை.

மஜீத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்தார். பையில், வழக்கம்போல, பொட்டலங்களின் மேல் குறியிடும் தடித்த பேனாவும் ஆர்டர் புத்தகமும்.

"அண்ணே, நீங்கதானே தே தாரிக்? காஸ்ட்யூம் பின்னாடி இருக்கு. சீக்கிரம் மாத்துங்க லா" என்றார் புனிதா.

கட்டம் போட்ட கைலி, சரிகைக் குல்லா, கண்ணைப் பறிக்கும் பச்சை மேலங்கி. அவற்றை அணிந்து திரும்பியவர் மேடையைப் பார்த்து நின்றுவிட்டார். நடுவே சிவப்பு வெல்வெட் விரித்த மேசையில், முழங்கை நீளத்தில் ஆப்புப்போல் ஒருபுறம் கூர்த்த கருங்கல் ஒன்று இருந்தது. அதற்கு மாலை போட்டு, பொன்னாடையும் போர்த்தியிருந்தார்கள். அடியில் வெள்ளைத் தாளில் ஒரு பதிவெண் ஒட்டப்பட்டிருந்தது.

"சார், அது ஏழாம் வரிசைக் கல்லு. நூத்தி முப்பத்தொண்ணு. எழுத்து இல்லாதது. அத ஏன் புடுங்கிட்டு வந்தாங்க?"

நான் சிவநேசனிடம் போய்க் கேட்டேன்.

"சுத்தம் செஞ்சு தர்றோம்னு காவலாளிகிட்டச் சொல்லி எடுத்துட்டு வந்தோம், ஐயா. இனி நம்ம கேலரிலயே இருக்கட்டும்."

"அது ஒருவருடைய கபுறுக் கல் அல்லவா?"

"பேரில்லாத கல்லுதானே? பேரில்லேன்னா யாரு தேடி வரப்போறா?" என்று சிரித்து, ஓர் உறையை என் கையில் வைத்தார். "கேள்வி நேரத்துக்கான கேள்விங்க. மூணு இருக்கு. பதிலும் ஸ்லைடுல ரெடி."

"மஜீத் ஒரு கேள்வி கேட்க வேண்டும். நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"ஐயா, டைம் ரொம்ப டைட். ஒரு மணிக்குள்ள ஹால ஒப்படைக்கணும். அதான் அவர மேடைலயே ஏத்திட்டோமே, இன்னும் என்ன?"

பள்ளியில் நான் சொல்லிவந்த கதை ஒன்று உண்டு. மரங்கொத்தி ஒன்று ஒரு மழைக்காலம் முழுதும் கொத்திப் பொந்து அமைத்தது. மைனா வந்து அதற்குத் திறப்புவிழா நடத்தியது. விழாவுக்குத் தலைமை ஆந்தை. ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது. ஆனால் கழுத்தை எல்லாப் பக்கமும் திருப்பி ஆமோதிக்கத் தெரியும். பிள்ளைகள் மைனாவை ஏசுவார்கள், மரங்கொத்திக்கு இரங்குவார்கள். ஆந்தையைப் பற்றி ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

உறையை வாங்கிக்கொண்டு தலைமை நாற்காலியில் அமர்ந்தேன். எதிரே, நேரம் முடிந்தால் அடிப்பதற்கு ஒரு பித்தளை மணி.

சொற்பொழிவு தொடங்கியது. திரையில் மஜீத்தின் கையெழுத்து ஆளுயரத்துக்கு எழுந்தது. உணவகத்தின் பெயர் அச்சிட்ட மேற்பகுதியைப் பார்த்துப் பார்த்து வெட்டியிருந்தார்கள். "எங்கள் களப்பணியின்போது" என்று சிவநேசன் எட்டு முறை சொன்னார், எண்ணினேன். மேடையின் ஓரத்தில், தேநீர்த் தள்ளுவண்டிக்கு அருகே, களப்பணி செய்தவர் பச்சை மேலங்கியில் நின்று, ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்குத் தேநீரை இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை நுரை எழும்போதும் மாணவர்கள் கைப்பேசியை உயர்த்தினார்கள். நான் வாக்களித்த முதல் கேள்விக்காக அவர் கண்கள் என்மேல் இருந்தன. நான் என் குறிப்புத் தாளைப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பிறகு சிவநேசன் அந்தக் கல்லுக்கு வந்தார். அதற்கு மட்டும் பதினைந்து நிமிடம்.

"இதில் எழுத்து இல்லை. ஏன்? இது எழுத்துக்கு முந்திய நினைவின் தொடர்ச்சி! மண்ணில் ஆழ ஊன்றுவதற்காகவே ஆப்பு வடிவில் செதுக்கப்பட்டிருக்கிறது. இதோ, இந்தப் பக்கத்தில் உள்ள கருமையைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக எண்ணெய் வார்த்து வழிபட்டதன் அடையாளம். கடல் கடந்து வந்தும் தமிழன் கைவிடாத நடுகல் மரபு இது!"

கைதட்டல் எழுந்தது. அதன் நடுவே முதல் வரிசையில் ஒருவர் வயிறு குலுங்கச் சிரித்தார். எழுபத்தெட்டு வயதிருக்கும், மஞ்சள் சட்டைக்குமேல் கழுத்தில் சிறு சிலுவை. பக்கத்தில் இருந்தவர் இடித்தும் அவர் அடங்கவில்லை. கையை ஊன்றி எழுந்தார்.

"சார், ஒரே ஒரு வார்த்த. அந்தக் கல்லு வந்து..."

சிவநேசன் என்னைப் பார்த்தார். ஆந்தை கழுத்தைத் திருப்பியது.

"கேள்விகளை எழுதித்தான் தர வேண்டும், பெரியவரே" என்றேன்.

"எனக்கு எழுத வராதுங்க சார்."

மண்டபம் சிரித்தது. நான் மணியை அடித்தேன். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதக் கற்பிப்பதற்காக முப்பத்து நான்கு ஆண்டுகள் சம்பளம் வாங்கியவன், எழுதத் தெரியாத ஒருவரை மணியடித்து உட்காரவைத்தேன்.

உறையைப் பிரித்து மூன்று கேள்விகளையும் படித்தேன். மூன்றும் ஒரே கையெழுத்து. மூன்றாவது இது: 'இத்துணை அரிய ஆய்வைத் தாங்கள் தனியொருவராக எங்ஙனம் செய்து முடித்தீர்கள்?' ழகர ளகரம் பிசகாமல் படித்தேன். முடிந்ததும் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கல்லின் மேல் இருந்ததும் என் தோளில் விழுந்ததும் ஒரே நிறம், ஒரே கரை. இரண்டும் பேசவில்லை.

விருந்தினருக்குக் குளிரூட்டிய அறையில் பஃபே. மஞ்சள் சட்டைகளுக்கு வாசலில் பொட்டலம். என் தட்டில் பிரியாணி விழுந்தது, நான் தொடவில்லை. குற்றம் பிரியாணியினுடையது அன்று. தட்டை வைத்துவிட்டு மேடைக்குப் போனேன். மஜீத் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பரவால்ல சார். இன்னொரு நாள் கேட்டுக்கலாம்" என்றார், நான் வாய் திறக்கும் முன்பே.

என்னைத் தேற்றுகிறார்! குறிஞ்சியாவது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும்; கிள்ளானிலிருந்து நாற்பது முதியவர்கள் வரும் நாள் மறுபடி வருமா? அவருடைய ஈரக் கையைப் பற்றிக்கொண்டேன். "இன்றைக்கே கேட்போம். பேருந்து இன்னும் போகவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஒருவரும் அதில் இருக்கிறார்."

அந்தப் பெரியவர் பேருந்தின் முன்னிருக்கையில் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பெயர் ஜெயராஜ். லோரி ஓட்டுநராக இருந்தவர்.

"மணியடிச்சு ஒக்கார வெச்சீங்களே சார். இப்ப என்ன, முட்டி போடச் சொல்லப் போறீங்களா?"

"நான்தான் போட வேண்டும். தவறு செய்துவிட்டேன். அந்தக் கல்லைப் பற்றி என்ன சொல்ல வந்தீர்கள்?"

அவருக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. "அது எங் லோரிக் கல்லு சார்! மேட்டுல நிறுத்துனா பின் டயருக்கு அடை குடுப்போம்ல, அந்தக் கல்லு. நாந்தான் ஒரு பக்கம் கூரா ஒடச்சு வெச்சிருந்தேன். கறுப்பா இருக்கே, அது எஞ்சின் ஆயில். அந்தாளு தலமொற தலமொறயா கும்புட்டாங்கங்கறாரு!"

"டயர் கல் மையவாடிக்கு எப்படிப் போயிற்று?"

சிரிப்பு மெல்ல நின்றது. "அது ஒரு துணிக்கடைக்கு நான் மூட்ட ஏத்திக்கிட்டிருந்த காலம். அங்க வேல செஞ்ச ஆளு காய்ச்சல்ல போயிட்டாரு. தீபாவளி முடிஞ்ச வாரம், பேய் மழ. கடையிலேர்ந்து நாலே பேருதான் வந்தாங்க. எங் லோரிலதான் கொண்டு போனோம். மண்ணத் தள்ளி முடிச்சாச்சு, அடையாளத்துக்கு ஒரு கல்லு இல்ல. அப்புறம் வாங்கி வைப்போம்னாங்க. யாரு வாங்கப்போறா? நான் லோரிக்குப் போயி அடைக்கல்லக் கொண்டாந்து குடுத்தேன். மூணு மாசம் வெறும் மரக்கட்டைய வெச்சு ஓட்டினேன்னா பாத்துக்குங்க."

மஜீத் படிக்கட்டில் நின்றிருந்தார். "அவரு பேரு என்னண்ணே?" என்று கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"ஜமாலு. மூட்ட தூக்கறப்பப் பாடுவாரு. ஊர்ல மவன் பொறந்திருக்கான், இன்னும் மொகம் பாக்கலன்னு சொல்லிச் சொல்லிக் காதப் புண்ணாக்கிருவாரு. ஏம்ப்பா, ஒனக்கு அவரத் தெரியுமா?"

"இல்லண்ணே. நானும் இன்னும் மொகம் பாக்கல."

ஜெயராஜ் பொட்டலத்தை மூடினார். பிறகு மஜீத் கேட்டது ஒன்றே. "கல்லு தலைமாட்டுலயா வெச்சீங்க, கால்மாட்டுலயா?"

"தலைமாட்டுல. கூர்ப்பக்கம் மேல."

நாங்கள் மண்டபத்துக்குத் திரும்பியபோது மேடையில் சிவநேசன் கல்லின்மேல் ஒரு கையை வைத்துப் புகைப்படத்துக்கு நின்றுகொண்டிருந்தார். மஜீத் பச்சை மேலங்கியைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்தார். குல்லாவை அதன்மேல் வைத்தார். பிறகு மாலையையும் பொன்னாடையையும் எடுத்துவிட்டுக் கல்லை இரு கைகளாலும் தூக்கித் தேநீர் வண்டியின் கீழ்த்தட்டில் கிடத்தினார்.

"அண்ணே, அண்ணே! என்ன செய்றீங்க? கேட்டலாக் நம்பர் போட்டாச்சு!" என்றார் சிவநேசன்.

"சிவநேசன், அது இவருடைய தந்தையின் கல். பெயரில்லாத கல்லைத் தேடி ஆள் வந்துவிட்டார். நட்டவர் வெளியே பேருந்தில் இருக்கிறார்" என்றேன்.

அந்த முகத்தில் வெட்கத்தை எதிர்பார்த்தேன். குறைந்தது அச்சத்தையாவது. அங்கே வந்தது மகிழ்ச்சி.

"என்னங்கய்யா சொல்றீங்க? இதுவல்லவா ஹைலைட்! புனிதா, கேமராக்காரர விடாதீங்க! அந்தப் பெரியவரையும் கூட்டிட்டு வாங்க. அண்ணே, கல்லத் திருப்பி மேசைல வெச்சுட்டு ஒரு தடவ கட்டிப் புடிங்க. அழுகை வந்தா அடக்காதீங்க. அந்தக் குல்லாவ மட்டும் போட்டுக்குங்க, அதுதான் படத்துக்கு நல்லா இருக்கும்."

அழுகிய மீனைக் கழுவிக் கழுவி விற்பவனைப் பாசாரில் பார்த்திருக்கிறேன். அவனுக்குக்கூட மூக்கு என்று ஒன்று இருக்கும். என் நாக்கில் வந்த சொற்கள் எல்லாம் முப்பத்து நான்கு ஆண்டுகளில் நான் பயன்படுத்தாதவை. அன்றும் அவற்றைப் பயன்படுத்தவில்லை. மேசைமேல் இருந்த பித்தளை மணியை எடுத்து அடித்தேன். கேமராக்காரர் திரும்பினார். அடித்தேன். பஃபே அறையிலிருந்து தட்டும் கையுமாக ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சிவநேசன் வாயைத் திறக்கும்போதெல்லாம் அடித்தேன். தேநீர் வண்டி சக்கரம் கிறீச்சிட மண்டபத்தைக் கடந்து, வாசலைக் கடந்து, கண்ணுக்கு மறையும்வரை நிறுத்தவில்லை.

"நேரம் முடிந்தது" என்று மணியை வைத்துவிட்டு நடந்தேன்.

மஞ்சள் சட்டைகளோடு நாங்களும் அந்தப் பேருந்திலேயே கிள்ளானுக்குப் போனோம். கல் ஜெயராஜின் காலடியில், பேருந்து வளைந்தபோதெல்லாம் அவருடைய செருப்புக்கால் அணைத்துப் பிடிக்க, பயணம் செய்தது. ஏழாம் வரிசையில் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. சிவநேசனிடம் போனது மேல்தாள்தான். கார்பன் படி மஜீத்திடம் இருந்தது. 'மேசை எண்: 7. கல் 131. எழுத்து இல்லை. ஆப்பு வடிவம். ஒரு பக்கம் கறுப்பு.' கல்லைப் பிடுங்கிய குழியில் முந்திய நாள் மழைநீர் தேங்கிக் கிடந்தது. மஜீத் கையால் நீரை இறைத்தார். பதிவெண் தாளை நகத்தால் சுரண்டினார்; பசை போகவில்லை. என் தோளில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த பொன்னாடையைக் கொடுத்தேன். நனைத்துத் தேய்த்ததில் பசை போயிற்று. எனக்குப் போர்த்திய பொன்னாடைகளில் ஒன்றாவது ஒருவருக்குப் பயன்பட்டது.

கல்லை நட்டு மண்ணை மிதித்து இறுக்கினோம். ஜெயராஜ் சற்றுத் தள்ளி நின்று, லோரியைப் பின்னால் எடுப்பவருக்குச் சைகை காட்டுவதுபோல், "இடது... இன்னுங் கொஞ்சம் இடது... போதும்" என்றார். மஜீத் இரு கைகளையும் ஏந்தி நெடுநேரம் நின்றார். பிறகு பையிலிருந்து, பொட்டலத்தில் குறியிடும் அந்தத் தடித்த பேனாவை எடுத்துக் கல்லின் முன் குந்தினார்.

"என்னப்பா எழுதற?" என்றார் ஜெயராஜ்.

"வாப்பா பேரு."

"பெருசா எழுது. இன்னும் பெருசா. அந்தப் பேராசிரியருக்குப் படிக்கவாச்சும் தெரியும்ல?"